முதுகுவலின்னு வந்தவங்க

யோகாசன வாத்தியார்கிட்ட வர்றவங்க ஒருத்தரும் எதுக்கு வந்தோம்னு உண்மையைச் சொல்லமாட்டாங்க. எல்லாருக்கும் முதுகுவலி. இதைப் படிக்கிற கல்யாணமானவங்களே, உங்கள்ல பாதிப்பேருக்கும் அந்த வலிதான்னு எனக்குத் தெரியும். வெக்கப்படாம மேல படிங்க. உங்களைவிட மோசமா மாட்டிக்கிட்டவன்தான் சொல்றேன்.

நான் எட்டு வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்துல சேர்ந்து சைகோன்ல இருந்தவன். திரும்பி வந்ததும் திருவண்ணாமலையில ஒரு பெரியவர்கிட்ட ஒரு வருஷம் ஆசனம் கத்துக்கிட்டு, பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்க முத்தியால்பேட்டையில என் வீட்டுக் கூடத்துலயே வகுப்பு ஆரம்பிச்சேன். அடுத்த வருஷம் தனத்தைக் கட்டிக்கிட்டேன். முதல் மாசத்துல ரெண்டு தடவை என் உடம்பு என் பேச்சைக் கேக்கல. மானம் போச்சேன்னு பாயைத் தூக்கிக்கிட்டு மொட்டைமாடிக்குப் போனவன், ரெண்டு வருஷமா இறங்கல. யோகம் சொல்லித் தர்றவன் விரதம் இருக்கணும்னு தனத்துகிட்ட ஒரு பொய்யையும் சொல்லி வச்சேன். அவ எவ்வளவு நாள்தான் பொறுப்பா? தீபாவளிக்கு வந்த அவ அண்ணன்கிட்ட சொல்லிட்டா. அவரு பாகூர்ல விவசாயம் பாக்கறவரு, சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. மாசி பொறந்த அன்னைக்கு வண்டி கட்டிக்கிட்டு வர்றேன், தங்கச்சியைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன், அப்புறம் அவ இந்த வாசப்படி மிதிக்கமாட்டான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போனாரு. மாசிக்கு நாலு மாசம்தான் இருந்துச்சு.

வலிக்காத முதுகு

மில்லுல தறி ஓட்டற முனுசாமி அந்தக் கார்த்திகையில வந்து சேர்ந்தான். முதுகுவலின்னான். நானும் நம்பி, முதுகுக்கு உண்டான ஆசனமா பொறுக்கி எடுத்து ஒரு மாசம் அவனைப் பிழிஞ்சேன். புஜங்காசனத்துல பாம்பு தோத்துடும், அந்த மாதிரி நிமிர்ந்தான். ஆனா முகத்துல மட்டும் ஒரு தெளிவும் இல்ல.

ஒரு நாள் எல்லாரும் போனப்புறம் இவன் மட்டும் பாயைச் சுருட்டறதும் விரிக்கறதுமா நின்னான். முதுகு எப்படி இருக்குன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, வீட்டுல அஞ்சலை பக்கத்துல வந்தாலே விலகிப் போறா, குழந்தை பொறந்ததுலேருந்து இப்படித்தான், தனக்கும் நாளெல்லாம் தறிகிட்ட நின்னுட்டு வந்தா பொறுமையா இருக்க முடியல, சள்ளுனு கோவம் வந்துடுதுன்னு சொன்னான். அப்போ முதுகு என்னடா ஆச்சுன்னேன்.

"முதுகு எனக்கு என்னைக்குமே வலிச்சதில்ல வாத்தியாரே."

பட்டாளத்து வைத்தியம்

எனக்கு ஒரே ஆத்திரம், ஒரு மாசத்து உழைப்பு வீணாப் போச்சேன்னு. ஆனா என் கதையையே ஒருத்தன் என் கூடத்துல நின்னு சொல்றான். அதை வெளிக்காட்ட முடியுமா? எனக்குத் தெரிஞ்ச வைத்தியத்தைச் சொன்னேன். நேரா உக்காரு, வயித்தை எக்கு, மூச்சை இழுத்துப் பிடி, நான் பிரெஞ்சுல ஒண்ணு, ரெண்டு, மூணுக்கு அன், தே, த்ருவான்னு எண்றவரைக்கும் விடாதே. பட்டாளத்துல கத்துக்கிட்டதையும் பெரியவர்கிட்ட கத்துக்கிட்டதையும் நான் ஒண்ணாப் போட்டுக் கொழப்பி வச்சிருந்தேன். கடைசியில படுத்து இளைப்பாறற சவாசனம் சோம்பேறிங்க வேலைன்னு அதுக்கு ரெண்டு நிமிஷம் விடறதே பெரிசு.

பத்து நாள் கழிச்சு முனுசாமி வந்து நின்னான். நான் சொன்னபடியே வீட்டுலயும் விறைப்பா மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கான். அஞ்சலை எழுந்து உக்காந்து பாத்திருக்கா.

"'என்னா, பட்டாளத்துல சேந்துட்டியா'ன்னு கேக்கறா வாத்தியாரே."

கிணத்தடியில

அடுத்த வாரம் அஞ்சலையே வந்துட்டா. என்கிட்ட இல்ல, கொல்லைப்பக்கமா தனத்துகிட்ட. தனம் தண்ணி சேந்திக்கிட்டு இருந்தா. நான் கூடத்துல இருந்தேன், பேச்சு நல்லாவே கேட்டுச்சு. இந்த ஊருக்கு எங்கெங்கேருந்தோ யோகம் யோகம்னு வர்றாங்களாம், பெண்டாட்டி புள்ளையை விட்டுட்டு வந்தவங்க கூட இருக்காங்களாம், தன் வீட்டுக்காரரும் விடிஞ்சும் விடியாததுமா மூச்சைப் பிடிக்கறாரு, ஒரு வார்த்தை பேசறதில்ல, இவரும் கைக்குழந்தையோட தன்னை விட்டுட்டுக் கிளம்பிடுவாரோன்னு பயமா இருக்குன்னு அழுதா.

தனம் அவளைச் சமாதானம் பண்ணுவான்னு நினைச்சேன். பண்ணினா. ஆனா அவ சொன்னது எனக்கும்தான்.

"வீட்டை விட்டுப் போறவரு பரவால்ல அஞ்சலை. வீட்டுலயே இருந்துக்கிட்டு காணாமப் போனவரு கூடத்தான் கஷ்டம்."

வேலை செய்யாத ஞானப்பிரகாசம்

என் வகுப்புலயே உருப்படாதவருன்னு நான் ஒதுக்கி வச்சிருந்தவரு ஞானப்பிரகாசம். நகரசபை ஆபீசை நாங்க மேரின்னு சொல்லுவோம், அதுல குமாஸ்தா. வருவாரு, ரெண்டு ஆசனம் பேருக்குப் போடுவாரு, அப்புறம் ஒரு மூலையில சவாசனத்துல விழுந்தாருன்னா வகுப்பு முடியறவரைக்கும் எழுந்திருக்கமாட்டாரு. சில நாள் குறட்டை கூட வரும். நான் கத்தாத கத்து இல்ல. அவரு கண்ணைத் திறந்து ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு மறுபடி மூடிக்குவாரு.

ஒரு ஞாயித்துக்கிழமை மாதா கோவில் பூசை முடிஞ்சதும் அவரு சம்சாரம் பிலோமினா அம்மா, ஒரு டப்பா நிறைய கேக்கோட வந்தாங்க. கல்யாணமாகி ஒன்பது வருஷமாம். ஆபீஸ்லேருந்து வந்தா அவருக்கு உடம்பு மட்டும்தான் வீட்டுல இருக்குமாம். கையைத் தொட்டா கூட, சீக்கிரம் முடிச்சுட்டுத் தூங்கணும்கிற மாதிரிதானாம். இப்போ வந்ததும் உக்காந்து இவங்க சொல்றதைக் கேக்கறாராம், சிரிக்கறாராம். இதைச் சொல்றப்போ முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. நான் தரையைப் பாத்துக்கிட்டு நின்னேன். எங்க ஊருல ஐயாவை முசேன்னுதான் கூப்பிடுவாங்க. கிளம்பறப்போ வாசல்ல நின்னு சொன்னாங்க.

"என்னா சொல்லிக் குடுத்தீங்களோ தெரியல முசே. அவரு இப்பல்லாம் அவசரப்படறதே இல்ல."

அவர்கிட்ட நான் பாடம் கேட்டது

எனக்குப் பொறாமையில வயிறு எரிஞ்சுது. ஒழுங்கா ஆசனம் போடறவனுக்கு ஒண்ணும் நடக்கல, மூலையில குறட்டை விட்டவருக்குக் கேக்கு வருது. மறுநாள் ஞானப்பிரகாசத்தைத் தனியாக் கூப்பிட்டு வச்சுக்கிட்டேன். மூலையில படுத்துக்கிட்டு என்னதான் பண்றீங்கன்னு கேட்டேன். அவரு ஒளிக்கல. தாடையைத் தளர்த்தி விடறேன், தோளை விடறேன், வயித்தை விடறேன், இழுக்கற மூச்சைவிட வெளிய விடற மூச்சு நீளமா போற மாதிரி பாத்துக்கறேன், ஒரு நாள் பூரா உடம்பு எவ்வளவு இறுகிக் கிடந்துச்சுன்னு அப்பத்தான் தெரியுதுன்னாரு.

"சவாசனத்துல ஒண்ணும் சாதிக்க வேணாம்னு நீங்கதான் சொன்னீங்க முசே. வீட்டுலயும் அதையேதான் செஞ்சேன்."

பெரியவர் எனக்குச் சொன்ன வார்த்தை அது. மூணு வருஷமா கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிச்சிருக்கேன், ஒரு நாளாவது நான் காது குடுத்துக் கேக்கல.

அஞ்சலைக்குப் பாடம்

அன்னைக்கிலேருந்து வகுப்பை மாத்தினேன். எண்றதை நிறுத்தினேன். முனுசாமிக்கு இடுப்பும் தொடையும் தறிகிட்ட நின்னே மரத்துப் போயிருந்துச்சு. பாதம் ரெண்டையும் சேத்து உக்காந்து முட்டியை மெள்ளத் தாழ்த்தற பத்த கோணாசனம் குடுத்து, பாதி நேரம் சவாசனத்துல விட்டேன். ஆனா அஞ்சலைக்கும் சொல்லித் தரணுமே. பிரசவத்துக்கு அப்புறம் வலிக்குமோங்கற பயத்துல அவ உடம்பே இறுகிப்போகுதுன்னு எனக்குப் புரிஞ்சுது. ஒரு பொம்பளைக்கு நான் போய் எப்படிச் சொல்றது? தனத்துகிட்ட சொல்லி, தனம் அவகிட்ட சொல்லணும். வேற வழி இல்ல.

அடுப்படி வாசல்ல நின்னு ஆரம்பிச்சேன். கீழ்வயித்தை மெள்ள இறுக்கி, மூச்சை விட்டுக்கிட்டே மெள்ள விடணும், விடறதுதான் முக்கியம், வலிச்சா அன்னைக்கு நிறுத்திடணும், புருஷன் அவசரப்படுத்தக்கூடாது, பயம் வந்தா உடம்பு தன்னால கதவைச் சாத்திக்கும், அதுல யார் மேலயும் குத்தம் இல்லன்னு சொல்லிக்கிட்டே போனேன். ரெண்டு வருஷத்துல நான் அவகிட்ட இவ்வளவு நேரம் பேசினது அதுதான் முதல் தடவை. தனம் கரண்டியைக் கீழ வச்சுட்டு என் முகத்தையே பாத்தா.

"பயத்துல உடம்பு இறுகறது பொம்பளைக்கு மட்டும்தானா? ஆம்பளைக்கு வராதா?"

விரதம் கலைஞ்சது

மாசிக்கு இன்னும் மூணு வாரம். வாயைத் திறந்துட்டேன். விரதமும் இல்ல மண்ணும் இல்ல தனம், பயம், உன் முன்னால தோத்துட்டேன்னு பயம்னு சொன்னேன். சொன்னதும் அழுதுட்டேன். எட்டு வருஷம் துப்பாக்கி பிடிச்சவன் அடுப்படியில நின்னு அழுதேன்னா நம்பறவங்க நம்புங்க.

அவ கோவப்படுவான்னு பாத்தேன். அவளும் முந்தானையைக் கண்ணுல வச்சுக்கிட்டா. அப்புறம் சிரிச்சா. ரெண்டு வருஷமா மனசுக்குள்ள வச்சுப் புழுங்கினதை அப்பத்தான் சொன்னா.

"சைகோன்ல உங்களுக்கு ஒருத்தி இருக்கான்னு நினைச்சேன். இல்லாட்டி நான்தான் பாக்க சகிக்கலையோன்னு நினைச்சேன்."

பாயை மாடியிலேருந்து இறக்கிட்டேன். முதல் பத்து நாள் பேச்சும் மூச்சும் மட்டும்தான்னு நாங்களே பேசி வச்சுக்கிட்டோம். மத்தியானம் வகுப்பு கிடையாது, கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல படுத்து மெள்ள மூச்சு விடுவோம். நான் அவளுக்குச் சொல்லித் தர்றதா நினைப்பு. அவதான் என் கால் விரலைத் தொட்டு, இன்னும் இறுக்கித்தான் வச்சிருக்கீங்கன்னு சொல்லுவா. ஒண்ணும் சாதிக்க வேணாம்னு ஆனப்புறம் பயம் எப்போ போச்சுன்னே எனக்குத் தெரியல. அதுக்கு மேல உங்களுக்கு எதுக்கு? பத்து நாளைத் தாண்டி அடுத்த வாரத்துலயே நாங்க புதுசா கல்யாணமானவங்க ஆயிட்டோம், அவ்வளவுதான் சொல்லுவேன். நெஞ்சுல வச்ச கல்லை யாரோ எடுத்தாப்புல இருந்துச்சு.

முனுசாமி வீட்டுச் செய்தி

முனுசாமியும் அஞ்சலையும் தினம் முதுகோட முதுகு சாஞ்சு உக்காந்து, ஒருத்தர் மூச்சை ஒருத்தர் முதுகால கவனிக்கணும்னு சொல்லியிருந்தேன். அதுல சிரிப்பு வந்தா சிரிச்சுடுங்கன்னும் சொன்னேன். ஒரு நாள் வேலை ஜாஸ்தின்னு இவன் அதை மறந்துட்டான் போல. காலையில பல்லெல்லாம் தெரிய வந்தான்.

"நேத்து அவளே கேட்டா வாத்தியாரே, 'இன்னைக்கு முதுகு சாய்க்கலையா'ன்னு."

மாசி பொறந்த அன்னைக்கு

சொன்ன சொல் தவறாம தனத்தோட அண்ணன் ரெட்டைமாட்டு வண்டியோட வந்து இறங்கினாரு. நான் எழுந்து நின்னேன். வாங்கன்னு சொன்னதுக்கு என் முகத்தைக் கூடப் பாக்கல. தங்கச்சியைப் பாத்து, கிளம்புன்னாரு. மூணு வாரத்து சந்தோஷம் ரெண்டு வருஷத்து வேதனைக்கு ஈடாகுமான்னு எனக்கே தெரியல. போறேன்னு அவ சொல்லியிருந்தா தடுக்க எனக்கு வாய் ஏது?

தனம் அவருக்குச் சொம்புல தண்ணி கொண்டுவந்து குடுத்தா. அவரு குடிச்சு முடிக்கறவரைக்கும் காத்திருந்தா. அப்புறம் என் பக்கத்துல வந்து நின்னா.

"நான் வரலண்ணா. அவரு இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்காரு."

ஊராரையெல்லாம் மூச்சைப் பிடிக்கச் சொல்லியே காலத்தை ஓட்டின எனக்கு, மூச்சை விடறதுக்கு ஒரு தூங்குமூஞ்சிக் குமாஸ்தாவும் கட்டின பெண்டாட்டியும் சேந்து பாடம் நடத்த வேண்டியதாப் போச்சு.