என் முடிக்கு அவர் மொட்டை

பாபநாசம் பக்கத்தில் எங்களுக்கு விவசாயம். போன வருடம் சம்பா நடவு சமயத்தில் எனக்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்ட ஆரம்பித்தது. நீளமான கூந்தல் என்று பேர் வாங்கியவள் நான். வெளியில் சொல்லவே வெட்கம். அக்காவிடம்கூட மூச்சு விடவில்லை. சீப்பில் வந்த முடியைக் காகிதத்தில் சுருட்டி, யாருக்கும் தெரியாமல் கொல்லையில் புதைத்துவிடுவேன். கல்யாணங்களுக்குக்கூட ஏதாவது சாக்குச் சொல்லிப் போகாமல் இருந்தேன்.

ஒருநாள், உரம் வாங்கி வருவதாகச் சொல்லிக் கிளம்பிய கணவர், மொட்டைத் தலையும் சந்தனமுமாக வந்து நின்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னங்க இது?"

"வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டிக்கிட்டேன். நீ கொல்லையில முடியைப் புதைக்கிறதைப் பார்த்தேன். என்கிட்டகூடச் சொல்ல முடியாத பெரிய வியாதி போலன்னு..." என்று இழுத்தார்.

"ஐயோ, வெறும் முடிதாங்க கொட்டுது!"

அவர் தலையைத் தடவிக்கொண்டே, "இதை முன்னாடியே சொல்லியிருந்தா என் முடியாவது மிஞ்சியிருக்குமேடி" என்றார். அழுதுகொண்டே சிரித்தேன்.

மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனார். ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார் டாக்டர். இப்போதெல்லாம் கணவர் எதிரில் உட்கார்ந்துதான் தலை வாருகிறேன். சீப்பைக் காட்டினால், அதைப் பார்க்காமலேயே "நேத்தைவிடக் கம்மிதான்" என்கிறார். அதைக் கேட்கத்தான் காட்டுகிறேன்.