மூக்கில் அட்டை ஏறும் காலம்

ஆனி மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை. இடம்: வட்டகொடை. வானிலை: தென்மேற்கு மழை, பல நாட்களாக.
காலை: ஆவணி என்னும் வயது முதிர்ந்த பெண் நாய் அடுத்தடுத்துத் தும்மியது. இடது நாசியிலிருந்து இரத்தம் வந்தது. வலது நாசியில் இல்லை.
நண்பகல்: மீண்டும் இரத்தம். நாய் உணவு உண்ணவில்லை. தலவாக்கலை வீதியில் மண்சரிவு, வாகனங்கள் செல்லவில்லை.
மாலை: கொழும்பிலிருந்து மகன் தொலைபேசியில் பேசினான். வீதி திறந்ததும் மிருக வைத்தியரை வீட்டுக்கு அழைத்து, ஊசி ஏற்றி, நாயை வேதனையில்லாமல் போக விட்டுவிடலாம் என்றான். மறுப்புத் தெரிவிக்கப்படவில்லை.

நண்பரே, வாழ்நாளின் பெரும்பகுதியை இரசாயனவியல் ஆசிரியனாகக் கழித்தவன் நான். அவதானம் வேறு, அனுமானம் வேறு என்று பிரித்து எழுதும் பழக்கம் ஓய்வுபெற்ற பின்னும் போகவில்லை. மேலே உள்ளவை அவதானங்கள். அவற்றில் விடுபட்டுப் போன ஒன்றை இங்கே சேர்த்துவிடுகிறேன். ஆவணி என் நாயன்று. என் மனைவி பாக்கியத்தின் நாய். பாக்கியம் சென்ற மாசியில் காலமானாள். அவளுடைய குரலை அறிந்த உயிர்களென்று இந்த வீட்டில் எஞ்சியிருப்பவை நானும் இந்த நாயும் ஒரு பூனையும் மட்டுமே. பூனையைக் கணக்கில் சேர்க்கலாமா என்பதில் எனக்கு ஐயமுண்டு. அவள் உயிரோடிருந்தபோதே, அவள் கூப்பிட்டால் அது திரும்பிப் பார்த்ததில்லை.

"அப்பா, அது வயசான நாய்ப்பா. கஷ்டப்பட விடாதீங்க" என்றுதான் மகன் சொன்னான். பிழையான வார்த்தை ஒன்றுமில்லை. அவன் பேசுவது தாயின் தமிழ். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, மலையகத்துப் பெண்ணை மணந்து, இங்கேயே தங்கிவிட்ட எனக்கு மட்டும் என் பேச்சு மாறவில்லை. இந்த வீட்டின் நாய்களும் தாயின் தமிழையே கேட்டு வளர்ந்தன.

அன்று மாலை ஆவணி அடுப்படியில் கிடந்தது. மழையில் நனைந்த நாய் நெருப்பருகே உலரும்போது எழும் வாசனை உங்களுக்குத் தெரியுமா? நனைந்த சாக்கும் பழைய இரும்பும் கலந்தது போலிருக்கும். அதை இனிய வாசனை என்று சொல்பவன் பொய்யன். ஆனால் அந்த வாசனை ஏறியதும் புகை படிந்த சமையலறைச் சுவர்கள் விலகிக்கொண்டே போய், ஆண்டின் எல்லா மாதங்களும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வரத் தொடங்கின.

மாதங்கள் என்றதும் பெயர்கள் நினைவுக்கு வருகின்றன. பாக்கியம் நாய்களுக்கு அவை வந்து சேர்ந்த மாதத்தின் பெயரையே வைத்தாள். ஐப்பசி, தை, பங்குனி, சித்திரை, கடைசியில் ஆவணி. "மாசம் நெனவிருந்தா வயசு மறக்காதுங்க" என்பாள். சித்திரை என்ற நாய் இருந்த காலத்தில், வருடப் பிறப்புக்கு வந்த விருந்தாளிகள் சித்திரை பிறந்துவிட்டதென்று வாழ்த்த, அது பிறந்ததல்ல, கோப்பிக்காட்டு மூலையில் கண்டெடுத்தது என்று அவள் திருத்தினாள். பூனைக்கு மட்டும் இந்த விதி பொருந்தவில்லை. தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் யாருடைய முகத்தையும் பார்க்காமல் பதில் சொல்லும் எழுதுவினைஞரைப் போல அரைக்கண் மூடி உட்கார்ந்திருந்ததால் அதன் பெயர் கிளாக்கர்.

மார்கழியும் தையும் பூனைகளின் ஆபத்துக் காலம். விடியலில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். பூனைகள் அணைந்த அடுப்பின் சாம்பலுக்குள் புகுந்துகொள்ளும். உள்ளே தணல் இருந்தால் மீசை கருகும். ஆகவே காலையில் அடுப்பு மூட்டுமுன் விறகுக்குச்சியால் சாம்பலைக் கிளறுவது எங்கள் வீட்டின் முதற் கடமை. அதைவிடச் சூடான இடம் தோட்டத்து லொறியின் எஞ்சின். இரவெல்லாம் அதன்மேல் பூனை படுத்திருக்கும் என்று தெரிந்து, சாரதி வண்டியைக் கிளப்புமுன் முன்மூடியை உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவார். பனிக்குள் எங்கோ கேட்கும் அந்தத் தட்டல்தான் எங்களுக்கு விடியற்காலை. நாய்களுக்கு உடுப்பு உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றும் படங்கு கிழிந்ததும், அதை வெட்டி முதுகை மூடும் சட்டையாகத் தைப்பாள் பாக்கியம். உரச்சாக்கு வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தாள், நாய் நக்கும். சட்டையணிந்த நாய்கள் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வரிசையில் பனியைக் கிழித்துக்கொண்டு வருவதைப் பார்த்தால், தலைமையலுவலகத்திலிருந்து பரிசோதனைக்கு வந்தவர்களோ என்று தோன்றும்.

நக்குவது என்ற சொல் என்னை வெயில் மாதங்களுக்கு இழுத்துச் செல்கிறது. பங்குனியில் உண்ணி பெருகும். ஒருமுறை பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு, பாக்கியம் அப்போதிருந்த பூனைக்கு மண்ணெண்ணெய் தடவினாள். பூனை தன் உடலை நக்கியே இறந்தது. அவள் அழவில்லை. அன்றிலிருந்து எந்த மருந்துப் போத்தலைத் திறந்தாலும், பூனை இதை நக்கினால் என்ன ஆகும் என்று என்னைக் கேட்டுவிட்டே திறந்தாள். நான் நூல்களைப் புரட்டிப் பதில் சொல்வேன். எங்கள் இல்லறத்தில் எனக்குக் கிடைத்த முழு அதிகாரம் அது ஒன்றுதான்.

புல்லுக்கு மருந்தடிக்கும் காலமும் அதுவே. பெரட்டில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், கங்காணி தொண்டை கிழியக் கத்துவார்: "அஞ்சாம் நம்பர் மலையில மருந்து அடிக்கிறோம்! நாயக் கட்டுங்க, பூனைய அடைங்க! அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது!"

"எங்க வீட்டு ஆளையும் சேத்துக் கட்டவா கங்காணியாரே? அதுந்தான் கண்ட எடத்துல வாய வைக்குது!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வரும். சிரிப்பு அடங்குமுன் அந்தச் செய்தி லயம் லயமாக இறங்கிவிடும். இலைகள் உலரும்வரை ஒரு நாய்கூட வெளியே வராது.

பிறகு மழை. மழை என்றால் அட்டை.

காலில் ஏறும் அட்டையை எல்லோரும் அறிவர். நாயின் மூக்கில் ஏறுவது வேறு. கான் எனப்படும் வடிகாலின் ஓரத்தில் தேங்கிய நீரை நாய் குடிக்கும்போது, நூலளவான அட்டை நாசிக்குள் நுழைந்து, அங்கேயே தங்கி, இரத்தம் குடித்துத் தடிக்கும். நான் டயகமவில் முதன்முதலாக ஆசிரியனாக இருந்தபோது, பாடசாலையைச் சுற்றிவந்த நாயொன்றின் மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது. கடும் நோயென்று முடிவு செய்து, மாணவர் யாரும் அருகே போகக்கூடாதென்று கட்டளையிட்டேன். சிறுவர் வகுப்பு ஆசிரியை ஒருத்தி தண்ணீர்த் தட்டோடு என்னைக் கடந்து போனாள்.

"சேர், அது சாகப் போவுதுன்னு யாரு சொன்னா?"

"இரத்தம் வருகுதெல்லே?"

"உள்ள மாப்பிள்ள இருக்காரு. தண்ணியக் காட்டுனா எட்டிப் பாப்பாரு."

"மாப்பிள்ளையோ?"

"வந்த வீட்டுலயே ஒட்டிக்கிட்டா மாப்பிள்ளதானுங்களே."

அடுத்த ஆண்டு அவளையே, பாக்கியத்தையே, மணந்து, அவளுடைய ஊரான வட்டகொடையிலேயே நானும் தங்கிவிட்டபோது, மாப்பிள்ளை என்ற அந்தச் சொல்லை அவள் அட்டையிடமிருந்து எனக்கு மாற்றிவிட்டாள். அதைப் பற்றி மேலும் சொல்வதற்கில்லை.

அடுப்படியில் ஆவணி மூச்சு விட்டது. குறட்டைபோல, ஒரு பக்கத்து நாசியில் மட்டும் ஏதோ தடுப்பதுபோல ஒரு சத்தம். டயகமவில் கேட்ட அதே சத்தம். நான் எழுந்து அதன் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து மேலே வைத்தேன்.

வைத்தியம் எளிது; பொறுத்திருப்பதுதான் கடினம். நாய் தாகத்தால் வாடவேண்டும். பிறகு தெளிந்த குளிர்நீரை மூக்கருகே காட்டினால், நீரின் குளிர்ச்சியை உணர்ந்து அட்டை வெளியே நீளும். அந்தக் கணத்தில் உப்புத் தோய்த்த துணியால் பிடித்து, அவசரப்படாமல் இழுக்கவேண்டும். எங்கள் வீட்டில் இது இருவர் வேலை. பாக்கியம் தட்டைப் பிடித்து, பேசிப் பேசி நாயை அசையாமல் நிறுத்துவாள். பிடித்து இழுப்பது நான். அட்டை இல்லையென்றால்? அப்போது மகன் சொன்னதே சரி. வீதியில் மண் அகற்றும் இயந்திரத்தின் இரைச்சல் மறுநாள் அதிகாலையிலேயே கேட்கத் தொடங்கிவிட்டது.

புதன் காலையில், அடுத்த லயத்திலிருந்து லெட்சுமியை அழைத்தேன். கொழுந்து பறித்து ஓய்ந்தவள், பாக்கியத்தின் சிநேகிதி. வந்தவள் வாசலைத் தாண்டவில்லை.

"ஐயோ மாஸ்டர், நான் கிட்ட வர மாட்டேன். சின்னதுல ஒண்ணு கடிச்சு, தொப்புளச் சுத்தி ஊசி போட்டாங்க. இன்னமும் நாயக் கண்டா வயிறு வலிக்குது."

"தட்டை மட்டும் பிடிச்சால் போதும்."

"வேணும்னா பொகையிலத் தண்ணிய மூக்குல ஊத்துங்க. அட்ட பறந்து ஓடும்."

"நாயும் சேர்ந்து போயிடும், லெட்சுமி."

"எதச் சொன்னாலும் எதிர்ப் பேச்சு. டீச்சரு எப்பிடித்தான் குடும்பம் நடத்துனாங்களோ."

தட்டை நானே இடக்கையில் பிடித்தேன். வலக்கையில் துணி. ஆவணி தலையைத் திருப்பிக்கொண்டது. "பொறு, ஆவணி. அசையாதை. இஞ்சை பார்" என்றேன். அது நாற்காலிக்குக் கீழே போய்ப் படுத்தது. மீண்டும் அழைத்தேன். வரவில்லை.

வாசலிலிருந்து லெட்சுமி சிரித்தாள். "அதுக்கு எங்க மாஸ்டர் புரியும் யாழ்ப்பாணம்? பள்ளிக்கூடத்துல பேருக் கூப்பிடுற மாதிரி இருக்கு. டீச்சரு கூப்பிடுற மாதிரிக் கூப்பிடுங்க."

பாக்கியத்தின் பேச்சை ஒருநாளும் என் வாயால் பேசியதில்லை. இளமையில் அது செருக்கு, பின்னர் பழக்கம், மாசிக்குப் பிறகு, அவளுடைய அலமாரியைத் திறப்பது போன்ற ஒன்று. லெட்சுமி என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்தினாள்.

"சரி, நான் வெளிய நிக்கிறேன். எனக்குக் காதும் சரியாக் கேக்காது" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.

வெளியே பீலிக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம். மூடுபனி கண்ணாடி வரை வந்து நின்றது. நான் தரையில் உட்கார்ந்தேன்.

"வாடி தங்கம்" என்றேன். "ஒண்ணுமில்லடி. இந்தா, தண்ணி. மோந்து பாரு. அவசரப்படாத. நாந்தான் இருக்கேன்ல."

ஆவணியின் காதுகள் எழுந்தன. அது என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், பாக்கியம் வந்துபோகும் பின்கதவைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. பிறகு எழுந்து வந்து, தட்டின் மேல் மூக்கை வைத்து, கல்லைப் போல நின்றது. நான் பேசிக்கொண்டேயிருந்தேன். என்ன சொன்னேன் என்பதைக் குறித்துவைக்கவில்லை. முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு இடது நாசியின் விளிம்பில் கரும்பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று நீண்டு, நீரைத் தேடி, உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபடி நீண்டது. துணியால் பற்றினேன். வழுக்கவில்லை. சிறுவிரல் நீளத்துக்கு, முழுதாக, வந்தது.

ஆவணி தும்மிவிட்டுத் தட்டிலிருந்த நீரை முழுவதும் குடித்தது.

"வந்திருச்சா மாஸ்டர்?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"வந்திட்டுது."

"டீச்சரு மாதிரியே இருந்துச்சு" என்றாள், காது கேளாத லெட்சுமி.

மகனை அழைத்து, வீதி திறந்தால் வைத்தியர் வரட்டும், ஆனால் மூக்கைச் சோதிக்க மட்டும் வரட்டும் என்றேன். அவன் நீண்ட மூச்சு விட்டான். "சரிப்பா. ஒங்க கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டான். மழை என்றேன்.

இப்போதெல்லாம் மருந்தடிப்பதை ஒப்பந்தக்காரர்கள் செய்கிறார்கள். கத்தி அறிவிக்கும் கங்காணி இல்லை. அவர்கள் வருவது, வந்து போன பின்னர்தான் வாசனையால் தெரிகிறது. லொறியின் முன்மூடியைத் தட்டிய கை ஓய்ந்துவிட்டது. படங்கு இப்போது பிளாஸ்டிக். அதில் நாய்க்குச் சட்டை தைக்க முடியாது. மழைக்காலத்து மாலைகளில் விளக்கருகே நாயின் மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒருத்தியும் இல்லை. அந்தப் பணியை இன்று தொடங்கியிருக்கிறேன். செய்யாமல் கிடப்பவை:

கானோரத்துப் புல்லை வெட்டுவது.

இந்த ஆண்டின் விசர் நாய்த் தடுப்பூசிக்கு இரண்டையும் கொண்டுபோவது. கிளாக்கரைக் கூடையில் அடைக்க ஓர் ஆள் வேண்டும்.

மார்கழிக்கு முன் தைக்கப் பழகுவது.

இரவில் பின்கதவின் கீழ்ப்பாதியைச் சாத்துவது. சிறுத்தை லயத்தருகே இறங்கும் காலம் வருகிறது, சாத்தத்தான் வேண்டும். ஆனால் புதன்கிழமையிலிருந்து ஆவணி அந்தக் கதவடியிலேயே படுத்து, வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது.