தோற்பதற்காக வாங்கிய பல்லாரி

ஞாயிற்றுக்கிழமை காலையானால் என் மாமனார் என் முன்னால் ஒரு எவர்சில்வர் தட்டை வைப்பார். மூன்று குவியலாக வெங்காயம் நறுக்கியிருக்கும். ஒன்று திண்டுக்கல் சின்ன வெங்காயம், அடுத்தது பெரம்பலூர் சின்ன வெங்காயம், மூன்றாவது பல்லாரி என்கிற பெரிய வெங்காயம். ஒவ்வொன்றையும் பச்சையாக மென்று, இடையில் வாய் கொப்பளித்து, எது இனிப்பு என்று நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். உப்பு தொடக் கூடாது.

"உப்பு நாக்கை ஏமாத்திரும் மாப்ள" என்பார்.

ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர். அங்கே குவார்ட்டர்ஸில் எல்லா மாவட்டத்துக்காரர்களும் இருந்தார்கள். லீவுக்கு ஊருக்குப் போனவர்கள் ஒரு பை வெங்காயத்தோடு திரும்பி, பக்கத்து வீடுகளுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, எங்கள் ஊர் வெங்காயம்தான் உசத்தி என்று மாடிப்படியில் உட்கார்ந்து சண்டை போடுவார்களாம். இவர் திண்டுக்கல் பக்கம். ஓய்வு பெற்று வெள்ளானூரில் வீடு கட்டி வந்ததும் சண்டைக்கு ஆள் கிடைக்கவில்லை. நான் கிடைத்தேன்.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. கல்யாணமான நான்காவது மாதம், அம்பத்தூரில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். "வேலை கிடைக்கிற வரைக்கும் இங்க வந்து இருங்க" என்றார் மாமனார். மூன்று மாதத்தில் வேறு வேலை கிடைத்தது. ஆனால் ஐந்து வருடமாகியும் நாங்கள் கிளம்பவில்லை. அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால் எப்போதோ போயிருப்பேன். சட்டையைக்கூட இஸ்திரி போட்டு மடித்து வைத்துவிடுகிற வீட்டைவிட்டு என்ன சொல்லிக் கிளம்புவது? மூச்சு முட்டும். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தால், வெயிலில் ஏன் நிற்கிறீர்கள் என்று நாற்காலி வரும்.

முதல் ஞாயிறு அவர் தட்டை நீட்டியபோது, சாப்பாடு போடுகிற மனிதர் என்று, "திண்டுக்கல்தான் மாமா" என்று சொல்லிவைத்தேன். அன்று பிடித்த சனி. அதன்பிறகு என் இலையில், தயிர்சாதத்தில், உப்புமாவில் எல்லாம் சின்ன வெங்காயம்தான். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்காகத் தனியாக ஒரு கிண்ணம் உரித்து வைப்பார். அதைப் பார்த்தபிறகு உண்மையைச் சொல்ல வாய் வருமா?

உண்மை இதுதான். எனக்குப் பிடித்தது பல்லாரி. வெளி இரண்டு தோலை எடுத்துவிட்டு நடுவில் இருப்பதைக் கடித்தால் நீர் தெறிக்கும், ஒரு பழம் மாதிரி. காரம் ஒப்புக்குத்தான். பெரம்பலூர் கொஞ்சம் சாது, மென்றுகொண்டே இருந்தால் கடைசியில் லேசாக இனிக்கும். திண்டுக்கல் முதலில் மூக்கில் அடிக்கும், பிறகுதான் இனிப்பு. மாமனார் அதைத்தான் பெருமையாகச் சொல்வார். எனக்கு அந்தப் 'பிறகு' வருவதற்குள் கண் கலங்கிவிடும். எங்கள் வீட்டில் பல்லாரி, போட்டிக்கென்று வாரத்துக்கு ஒன்று வாங்கப்படும். அதுவும் தோற்பதற்காக.

போன மாதம் அம்பத்தூரில், என் வேலைக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு மாடி வீடு கிடைத்தது. ஞாயிறு சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார் வீட்டுக்காரர். மனைவிக்கும் வீடு பிடித்திருந்தது.

"அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நீங்க தூண்டிவிட்ட மாதிரி ஆயிடும்" என்றாள்.

சனிக்கிழமை, தெருவில் மைக் கட்டிக்கொண்டு வரும் வெங்காய வண்டியில் வழக்கம்போல ஒரே ஒரு பல்லாரியை எடுத்தேன்.

"இன்னாண்ணா, எப்பவும் ஒண்ணே ஒண்ணு எடுத்துகினு போற? ஊட்ல ஒருத்தர்தான் கீறீங்களா?" என்றார் வண்டிக்காரர்.

எரிச்சலாக வந்தது. அவர்மேல் இல்லை, என்மேல். வெங்காயத்தைப் பற்றியே வாய் திறக்காதவன் வீட்டைப் பற்றி எப்படிச் சொல்வான்? அன்று முடிவு செய்தேன். முதலில் வெங்காயம். அந்தச் சூட்டிலேயே வீடு.

ஞாயிறு தட்டு வந்தது. மென்றேன், கொப்பளித்தேன்.

"சொல்லுங்க மாப்ள."

"பல்லாரி மாமா."

சிரித்தார். "விளையாடாதீங்க."

"இல்ல மாமா. எனக்கு எப்பவுமே பல்லாரிதான் பிடிக்கும். முதல் நாள் உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு மாத்திச் சொல்லிட்டேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மாமனார் கத்தியைத் துடைத்துத் தட்டில் வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. வந்ததும் மீதியையும் சொல்லிவிடலாம் என்று வாசலிலேயே நின்றேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒரு சாக்குப் பை. பத்து கிலோ பல்லாரி. அதை அவரே தூக்கி வந்து கூடத்தில் இறக்கினார். மூச்சு வாங்கியது. கண் சிவந்திருந்தது.

"அஞ்சு வருஷமா பிடிக்காததைத் தின்னுருக்கீங்க. இது உங்க வீடு மாப்ள. உங்க வீட்ல நீங்க வாய்விட்டுக் கேக்க முடியாத மாதிரி நாங்க வெச்சிருந்திருக்கோமேன்னு எனக்கு..."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐந்து வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"இந்த மாதிரி வேற எதையும் மனசுல பூட்டி வெச்சிருக்கீங்களா? இருந்தா இப்பவே சொல்லிருங்க."

மனைவி சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு இனி எந்த ஜென்மத்திலும் கிடைக்காது என்று நன்றாகத் தெரிந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா" என்றேன்.

சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய், வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி அம்பத்தூர்க்காரருக்குப் போன் செய்தேன்.