கல்லெறிந்தவரின் சிபாரிசு

கல்லூரி நூலகத்தை மாலையிலேயே பூட்டுவதை எதிர்த்து வாசலில் உட்காரப் போவதாக என் மகள் சொன்னாள். அவள் செருப்புகூட மாட்டவில்லை. அதற்குள் நான் மனதுக்குள் அவளை ஜாமீனில் எடுத்துக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு பிரெஞ்சுக்காரரிடம் ஓடினேன். அறுபதுகளில் பாரிஸில் மாணவராகப் போலீஸ் மீது கல்லெறிந்து அடியும் வாங்கியவர். தோளில் புரளும் முடியோடு புதுச்சேரிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அடிபட்டவர் சொன்னால் கேட்பாள் என்று கூட்டிவந்தேன்.

விஷயம் தெரிந்ததும் மனிதர் என்னைவிட அதிகமாக நடுங்கினார். "வேணாம்மா! போலீஸ் போட்டோ எடுக்கும். பரீட்சை எழுத விடமாட்டாங்க. அப்புறம் யாரு வேலை குடுப்பாங்க?"

"நீங்க மட்டும் கல்லு எறிஞ்சீங்களே, தாத்தா?"

"அப்ப எனக்குப் பொண்ணு இல்லியேம்மா!"

நான் சொல்ல நினைத்ததையெல்லாம் அவர் வாயால் கேட்டபோது எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கல்லெறிந்த கையே இப்படி உதறினால், கல்லையே பார்க்காத நான் எம்மாத்திரம்?

"வண்டியில ஏறு, கொண்டுபோய் விடுறேன்" என்றேன்.

"நைனா, நீ உள்ள வந்து மானத்த வாங்காத."

வாங்கவில்லை. கல்லூரி எதிர்க்கடையில் ஆறு டீ குடித்தபடி மாலைவரை பயந்துகொண்டிருந்தேன். பயம் என்னுடையது, அதை அவள் ஏன் சுமக்க வேண்டும்?