என் பக்கத்தைக் கருப்பாக்கிய அக்கா

கூனிமேட்டிலிருந்து மரக்காணம் வரும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உப்பள மேஸ்திரி அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்திருக்க, கூலிங் கிளாஸைக் கழற்றிக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் போனில் திறந்திருந்தது நான் நடத்தும் மழை அறிவிப்பு இணையப் பக்கம்! ஆனால் என் பளீர் வெள்ளை கருப்பாகியிருந்தது. ஆசை ஆசையாய் நான் வைத்த அலைப் படங்களையும் காணோம்.

"அக்கா, அது என் பேஜுங்க. யாரு இப்படி மாத்துனது?"

"நான்தான் தம்பி. எந்தப் பேஜையும் கருப்பாக்கி, படத்தை மறைக்கிற ஒரு டூல் என் பிரவுசர்ல போட்டிருக்கேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"காலையிலேர்ந்து உப்பையே பாத்த கண்ணு இது. உன் பேஜும் வெள்ளையா இருந்தா தண்ணியா ஊத்துது. மழை வருதான்னு நான் படிக்கணுமா, உன் அலையப் பாக்கணுமா?"

சொன்ன கையோடு சாயங்கால மழை என்ற வரியைப் படித்துவிட்டார். உடனே போன் போட்டு, "உப்புக் குவியல எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடுங்க, வந்துட்டே இருக்கேன்" என்று கத்தினார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, விறுவிறுவென்று உப்பளத்துக்குள் நடந்தார்.

நான் வீடு சேருவதற்குள் மழை கொட்டியது. நான் எழுதிய ஒரு வரி யாருக்காவது பயன்பட்டதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அதுவும், என்னைக் கேட்காமல் அவர் என் பக்கத்தை மாற்றிக்கொண்டதால்.

இப்போது என் பக்கமே கருப்புதான். அந்த அக்கா கவனித்தாரோ என்னவோ.