கண் மூடும் பொம்மை

கோட்டுச்சேரி பேருந்தில் முன் இருக்கைக் குழந்தை தன் பொம்மையைப் படுக்கவைத்தாள். அது டக்கென்று கண்ணை மூடியது. அந்தச் சின்ன ஓசையில் நான் ஏழு வயதுக்குப் போய்விட்டேன்.

அப்போது காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. ஓர் அதிகாரியின் மகளிடம் அப்படியொரு பொம்மையைச் சன்னல் வழியே பார்த்திருந்தேன். சைகோனில் துணிக்கடை வைத்திருந்த வாப்பாவுக்கு உம்மா கடிதம் எழுதும்போதெல்லாம் அதைக் கேட்கச் சொல்வேன். வாங்கி வருவதாக வாப்பாவும் எழுதியிருந்தார்.

ஆனால் கடை தீப்பிடித்து எரிந்துபோனது. ஒரேயொரு தகரப்பெட்டியோடு வாப்பா கப்பலில் வந்து இறங்கினார். பெட்டியில் பொம்மை இல்லை. வந்ததிலிருந்து அவர் தூங்கவும் இல்லை. "கண்ண மூடினா தீதான் தெரியுது" என்று உம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

ஒருநாள் நண்பகலில் பாயில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"பொம்மை கொண்டாரலன்னு வருத்தமாம்மா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"வாப்பாவே பொம்மைதான். படுக்க வச்சுப் பாரு."

தோளைப் பிடித்துச் சாய்த்தேன், கண்ணை மூடினார். நிமிர்த்தினேன், திறந்தார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. திரும்பவும் சாய்த்தேன். இம்முறை அவர் தலை என் மடியில் கனத்தது. மெல்லக் குறட்டை வந்தது.

சாப்பிடக் கூப்பிட வந்த உம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"எழுப்பட்டுமா உம்மா?"

"வேணாம்மா. அசையாம இரு" என்றார். சன்னலை மெல்லச் சாத்தினார்.

என் கால்கள் மரத்துப்போயின. பிற்பகல் அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்ட பிறகும் நான் வாப்பாவை நிமிர்த்தவில்லை.