ராஜகிரிக்குத் தனியாக ஏறிய நாள்

செஞ்சிக் கடைத்தெருவில் எங்கள் நைனாவுக்குத் துணிக்கடை. கடை வாசலில் நின்றால் ராஜகிரிக் கோட்டை மலை தெரியும். பிறந்து வளர்ந்த இருபது வருஷத்தில் நான் அதன் உச்சிக்குப் போனதேயில்லை. வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் ஏறிவிட்டுப் போவார்கள். நாங்கள் அவர்களுக்கு வழி சொல்லுவோம், அவ்வளவுதான்.

அறுபதுகளில், கல்யாணமான மறுவருஷம், பொங்கலுக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தோம். என் வீட்டுக்காரர் மெட்ராஸில் ஒரு ஆபீஸில் வேலை பார்த்தார். யாரிடமோ ஒரு பைனாகுலரை இரவல் வாங்கி வந்திருந்தார். “நாளைக்குக் கோட்டைக்குப் போலாமா?” என்று அவரே கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் சொன்னது கோட்டையை அல்ல, கோட்டையில் இருக்கும் பறவைகளை என்பது மறுநாள்தான் புரிந்தது.

விடிந்ததும் ஜட்கா வண்டியில் புறப்பட்டோம். அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தாள். கல்யாண மகாலைப் பார்த்தேன். நெற்களஞ்சியத்துக்குள் போய்க் குரல் கொடுத்துப் பார்த்தேன். திரும்பி வந்தால் அவர் செட்டிக்குளக் கரையில் ஒரு மீன்கொத்திக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏங்க, வெயில் ஏறுது. மேல போவோம்.”

“கொஞ்சம் இரு. அது இன்னும் மீன் புடிக்கல.”

அது மீன் பிடித்தது. பிறகு இன்னொன்று பிடிக்கும்வரை இருந்தோம். ஒருவழியாகப் படிக்கட்டுக்கு வந்தால் ஒவ்வொரு புதருக்கும் ஒரு நிறுத்தம். நான் பேசினால் கையைக் காட்டி அடக்குவார். தும்மக்கூட முடியவில்லை. “பாறைல வல்லூறு இருக்குமாம். அதைப் பாத்துட்டா போதும்” என்றார்.

பாதி வழியில் ஒரு மண்டபத்து நிழலில் சாப்பிடலாம் என்று மூட்டையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, முகம் கழுவச் சுனைக்குப் போனேன். திரும்பும்போது ஒரு பெரிய கடுவன் குரங்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாறை மேல் ஏறிக்கொண்டிருந்தது. மூட்டையிலிருந்த பாத்திரம் உருண்டு பள்ளத்தில் விழுந்தது. அவர் கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்கவேயில்லை.

“சோத்தக் கொரங்கு தூக்கினு போவுதுங்க.”

“சத்தம் போடாத. பறந்துடும்.”

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. “நீங்க இங்கயே இருங்க. நான் மேல போயிட்டு வரேன்” என்றேன். அவர் தலையாட்டினார். நான் சொன்னது காதில் விழுந்ததோ என்னவோ.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். உச்சிக்கு முன்னால் மலை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. நடுவில் ஒரு குறுகலான பாலம். கீழே பார்க்காமல், அவரைத் திட்டிக்கொண்டே தாண்டினேன். திட்டுவதற்கு ஆள் இல்லாவிட்டால் அன்றைக்கு அந்தப் பாலத்தைக் கடந்திருக்க மாட்டேன்.

மேலே காற்று ஆளைத் தள்ளியது. கோட்டையின் மூன்று மலைகளையும் இணைக்கும் மதிலும், ஏரிகளும், பச்சை வயல்களும் தெரிந்தன. மதில் ஓரத்தில் நின்றிருந்தபோது, என் காலடிக்குக் கீழே ஒரு பறவை பறந்தது. பறவையின் முதுகை அதுவரை நான் பார்த்ததில்லை. கருஞ்சாம்பல் நிறம். சட்டென்று சிறகை மடக்கிக்கொண்டு, பாறையிலிருந்து கிளம்பிய புறாக்களின் மேல் பாய்ந்தது. கடையில் மல் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஒரு புறா குறைந்துபோயிருந்தது.

இறங்கி வந்து அவரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“வால்ல பட்டை இருந்துதா?”

“நான் வாலப் பாக்கலங்க.”

“மார்புல என்ன நிறம்?”

“அது எனக்குக் கீழ பறந்துச்சு. மார்பு எப்டித் தெரியும்?”

“இவ்வளவு கிட்டத்துல பாத்துட்டு ஒண்ணையும் கவனிக்கலையே” என்று வண்டி ஏறும்வரை புலம்பினார்.

வீட்டில் அம்மா பாத்திரத்துக்காக வருத்தப்பட்டாள். ராத்திரி சாப்பிடும்போது நான் உச்சிவரை போனதைச் சொன்னதும் நைனா கையை நிறுத்திவிட்டார். அவரும் ஏறியதில்லை.

“அங்கேருந்து நம்ம கடை தெரியுதா?”

“தேடிப் பாக்கல நைனா.”

“அவ்ளோ ஒசரம் போயி, கடையப் பாக்காம வந்துட்டியே. இன்னா பொண்ணு நீ” என்றார்.

மாப்பிள்ளை அதை ஆமோதித்துத் தலையாட்டினார். நான் இருவருக்கும் ரசம் ஊற்றினேன்.